கவாத்துக் கத்தியும் பட்டன் கத்தியும்

கம்பத்தில் எங்களுக்கு இரும்புக்கடை, அப்பா ஆரம்பித்தது. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் கிளம்புகிற ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் மண்வெட்டி, களைக்கொத்து, கயிறு, தார்ப்பாய் எல்லாவற்றையும் விட கத்தியும் அரிவாளும்தான் எங்களிடம் அதிகம் போகும். விடியும் முன்பே கம்பம், புதுப்பட்டி, கூடலூரிலிருந்து ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறும். வண்டன்மேடு, புளியமலை, நெடுங்கண்டம், அணைக்கரை என்று இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வரும். சீட்டுக்கு அடியில் தூக்குவாளிகளோடு சாக்கில் சுற்றிய வெட்டுக்கத்திகள் கிடக்கும். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். தினமும் இத்தனை கத்தி மாநில எல்லையைத் தாண்டிப் போய்வருகிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. அதே ரோட்டில், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மடக்குக் கத்தியை இடுப்பில் செருகியிருந்த பையனை வண்டியிலிருந்து இறக்கி உட்கார வைத்துவிட்டார்கள்.

"இது என்ன நியாயம்?" என்று அவனுடைய மாமா கடைக்கு வந்து கேட்டார். நியாயம்தான் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கல்லாவில் வியாபாரத்துக்கு நடுவே சொல்ல முடியாததை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் கத்தி விற்கிறவன் இந்தச் சட்டத்தைப் படித்து வைத்துக்கொள்ளாமல் தொழில் செய்ய முடியாது.

தோட்டத்துக்காரர்கள் வாங்கும் கத்தியை முதலில் பார்த்துவிடலாம். நல்ல கவாத்துக் கத்தி, அதாவது கிளை கழிக்கிற வெட்டுக்கத்தி, லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்ததாக இருக்க வேண்டும். பட்டறையில் பழுக்கக் காய்ச்சி, தட்டி, வாய்ப்பக்கத்துக்கு மட்டும் பதம் கொடுப்பார்கள். முதுகுப்பக்கம் கனமாக, கொஞ்சம் மிருதுவாகவே இருக்கும். முழுக்கப் பதம் ஏறினால் முதல் கணுவிலேயே சில்லு தெறிக்கும். விவரம் தெரிந்தவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் விரலால் சுண்டிச் சத்தம் கேட்பார்கள், பிறகு கட்டைவிரல் நகத்தில் வாயை வைத்து லேசாக இழுத்துப் பார்ப்பார்கள். வழுக்கினால் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பிடியில் பூண் இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார்கள். மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் ஏறிக் கிளை இறக்கும்போது பூண் கழன்றால் கத்தி போய் விழுவது கீழே நிற்கிற ஆள் மேல்தான். அப்படிப் பார்த்துப் பார்த்து வாங்குகிற ஒருவரும் "இது பாதுகாப்புக்கு" என்று என்னிடம் சொன்னதில்லை.

பாதுகாப்புக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் வேறு ரகம், பெரும்பாலும் பையன்கள். ராத்திரி பைக்கில் குமுளி ரோட்டில் வருகிறவன், வட்டிக்கு வசூல் பண்ணப் போகிறவன், எவனோடோ முட்டிக்கொண்டவன். "அண்ணே, சின்னதா, மடக்கற மாதிரி, பட்டன் வச்சது இருக்கா?" என்பான். இல்லை என்பேன். அடுத்த வாக்கியமும் எனக்கு மனப்பாடம்: "ஆறு இஞ்சுக்குக் கீழ இருந்தா கேஸ் இல்லையாம்ல?"

இந்த ஆறு இஞ்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள நானும் தேடிப் பார்த்தேன். விமானத்தில் சீக்கியர்கள் கிர்பான் என்ற தங்கள் மதச் சின்னமான குறுவாளை வைத்துக்கொள்ள ஓர் அளவு உண்டு. உள்நாட்டு விமானங்களில் அலகு 6 அங்குலம், பிடியோடு சேர்த்து 9 அங்குலம் தாண்டக்கூடாது என்பது. அது அவர்களுக்கு மட்டுமான சலுகை. கிர்பான் அணிவதை மத உரிமையின் பகுதியாக அரசியலமைப்பின் 25ஆவது பிரிவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கம்பத்துப் பையனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

நாட்டுக்கே பொதுவானது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். இரண்டு மாநிலத்துக்கும் ஒரே சட்டம்தான். கம்பம்மெட்டு மேட்டைத் தாண்டினால் கேரளாவில் வேறு சட்டம் என்று பேசிக்கொள்வது சும்மா. அதன் 2ஆம் பிரிவில் ஆயுதம் என்றால் என்ன என்று எழுதியிருக்கிறது. தாக்குவதற்கோ தற்காத்துக்கொள்வதற்கோ ஆயுதமாக வடிவமைத்த அல்லது அப்படி மாற்றியமைத்த எந்தப் பொருளும் ஆயுதம், கூர்முனை உள்ளவையும் அதில் சேர்த்தி. வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்யப்பட்டவை சேராது. சேராதவற்றுக்குச் சட்டமே தருகிற உதாரணம் லத்தியும் சாதாரணக் கைத்தடியும். லத்தி வீட்டுச் சாமான் என்று சட்டம் சொல்கிறதே என்று ஸ்டேஷனில் போய்ச் சிரித்துவிடாதீர்கள்.

அந்த வரையறையில் தாக்குதலுக்குப் பக்கத்திலேயே தற்காப்பும் உட்கார்ந்திருப்பதை நம்மில் யாரும் கவனிப்பதில்லை. 'நான் யாரையும் வெட்ட வைத்திருக்கவில்லை, என் பாதுகாப்புக்குத்தான் வைத்திருக்கிறேன்' என்பது கேட்க நல்ல பதிலாகத்தான் இருக்கிறது. ஆனால் கையில் இருந்தது பழம் நறுக்கும் கத்தியா ஆயுதமா என்ற சந்தேகம் அதுவரை அதிகாரிக்கு இருந்திருந்தால், அந்தப் பதிலோடு தீர்ந்துவிடும். வண்டியிலிருந்து இறக்கிய அந்தப் பையன் அதைத்தான் சொல்லியிருக்கிறான். செக்போஸ்டில் கேட்டது ஒரே கேள்வி: "இது எந்தினாடா?" எதற்கு என்று. இவன் பெருமையாக, "சேஃப்டிக்கு சார்" என்றிருக்கிறான். முன்சீட்டில் இருந்த தோட்டத்து அண்ணன் தன் வெட்டுக்கத்திக்குப் பதில் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கறை படிந்த சட்டையும் ஏலச்செடி வாசனையும் அவருக்காகப் பேசிவிட்டன.

அளவு என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாவது வகை என்று ஒன்று இருக்கிறது. வாள், குத்துவாள், துப்பாக்கி முனை ஈட்டி, வேல், போர்க்கோடரி, குக்ரி, கிர்பான் என்று அடுக்கிக்கொண்டு போய், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை உபயோகத்துக்குச் செய்தவை இதற்கு விலக்கு. எங்கள் வெட்டுக்கத்தி நீளத்திலும் அகலத்திலும் இதைத் தாண்டும், ஆனாலும் அந்த விலக்குக்குள் வந்துவிடுகிறது. அட்டவணையில் உள்ள ரகத்தைச் செய்யவும் விற்கவும் லைசென்ஸ் வேண்டும். அதனால்தான் கோயிலுக்கு என்று சொல்லி யாராவது பட்டாக்கத்தி கேட்டால் நான் பட்டறைக்குக்கூட கை காட்டுவதில்லை.

வைத்திருப்பதற்கு லைசென்ஸ் வேண்டுமா என்பது இன்னும் சிக்கல். துப்பாக்கிக்கு எங்கும் வேண்டும். கத்திக்கு அப்படி இல்லை. 4ஆம் பிரிவின்படி, இன்ன பகுதியில் இன்ன வகை ஆயுதத்துக்கு உரிமம் தேவை என்று அரசு அறிவிக்கை போட்டால்தான் அங்கே அது குற்றம். டில்லியில் 1980ஆம் ஆண்டே அப்படி ஓர் அறிவிக்கை வந்தது. பட்டனை அழுத்தினால் விரிகிற பட்டன் கத்தியில் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் இருந்தாலே மாட்டிக்கொள்வார்கள். 7.62 செ.மீ. என்றால் 3 அங்குலம். நம் பையனுடைய ஆறு இஞ்சு தத்துவம் டில்லியில் அரைநாள் தாங்காது. இந்த அறிவிக்கை நுணுக்கத்தை வைத்துத்தான் கோர்ட்டுகளில் பல கத்தி வழக்குகள் நிற்காமல் போகின்றன. அதைக் கேட்டுத் தைரியம் கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வழக்கு நிற்காமல் போவது கோர்ட்டில், அதுவும் பல வாய்தாவுக்குப் பிறகு. நடுவில் செக்போஸ்ட், ஸ்டேஷன், ஜாமீன், வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் விசாரணை வரும்போது நிற்கிற பழைய எஃப்.ஐ.ஆர். என்று எத்தனையோ இருக்கிறது.

அதோடு கலெக்டர் போடும் தடை உத்தரவு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 144, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163. கம்பத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2023 மே கடைசியில் அரிக்கொம்பன் ஊருக்குள் நடந்து வந்தபோது யானைக்காகவே எங்களுக்கு 144 போட்டார்கள். அது சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திய 144. முல்லைப் பெரியாறு பிரச்சினையில் 2011 டிசம்பரில் போட்டது வேறு மாதிரி. மலையிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்கள், இங்கிருந்து ஊர் ஊராகக் கூட்டம் மேட்டை நோக்கிப் போனது. அந்த நாட்களில் அப்பா மண்வெட்டி விற்றார், கயிறு விற்றார். கத்தி, அரிவாளை மட்டும் சாக்கில் கட்டி உள்ளே போட்டுவிட்டார். தெரிந்த முகங்களே வந்து கேட்டன. "ஸ்டாக் இல்லப்பா" என்றார், பின்னால் மூட்டை தெரியும்படியே உட்கார்ந்துகொண்டு. தோட்டமே பூட்டிக் கிடக்கிறபோது கவாத்துக் கத்திக்கு யாருக்கு என்ன அவசரம் என்பது அவர் கணக்கு. சட்டப்புத்தகம் எதையும் அவர் தொட்டதில்லை. ஆனால் சட்டம் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டிருக்கிறார்.

கத்தியின் உருவத்தை மட்டும் பார்த்துத் தடை போட்ட சட்டமும் ஒன்று உண்டு. அது நமக்குப் பக்கத்தில்தான் நடந்தது. பாலக்காட்டையும் சேர்த்து மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். மாப்பிள்ளைமார் என்கிற மலபார் முஸ்லிம்களின் கலகங்கள் தொடர்ந்ததால், 1854இல் போர்க்கத்தி வைத்திருப்பதைத் தடைசெய்து 24ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கலெக்டர் கொனோலி ஊர் ஊராகப் போய் 1855 ஜனவரி கடைசிக்குள் 7,500க்கும் மேற்பட்ட கத்திகளை ஒப்படைக்க வைத்துக் குவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில், சிறையிலிருந்து தப்பி வந்தவர்கள் கோழிக்கோட்டில் அவருடைய பங்களா வராந்தாவில் வைத்தே அவரை வெட்டிக் கொன்றார்கள். நிலத்துச் சண்டையும் வரிச்சண்டையும் அப்படியே இருந்தன, கலகம் ஓயவில்லை. 1959 சட்டத்தை எழுதியவர்கள் விவசாயக் கத்தியைத் தனியே விலக்கி வைத்தது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன். உருவத்தை வைத்து மட்டும் பிடிக்க ஆரம்பித்தால் இடுக்கி ஜீப்பில் பாதிப் பேர் உள்ளே இருப்பார்கள்.

இப்போது மாமா கேட்ட அடுத்த கேள்வி. "அப்ப எவனாவது அடிக்க வந்தா கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

வேண்டியதில்லை. தற்காப்பு உரிமை நம் சட்டத்தில் ரொம்பத் தாராளம். 2024 ஜூலை 1க்கு முன்னால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரை இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. உங்கள் உடம்புக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவர் உடம்புக்காகவும் நீங்கள் எதிர்த்து நிற்கலாம். உயிர் போகும், கொடுங்காயம் படும் என்று நியாயமாகப் பயந்தால், பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு என்று வந்தால், எதிராளியின் உயிர் போகிற அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். அது 38ஆம் பிரிவு. ஓடித் தப்பித்திருக்கலாமே என்று கேட்டு உரிமையைப் பறிக்கவும் முடியாது. தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு என்ற 2010 தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் இதையெல்லாம் வரிசையாகச் சொன்னது. அடி விழுகிற நேரத்தில் திருப்பி அடிப்பதைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்றும் சொன்னது. அந்த வழக்கிலேயே கீழ்க்கோர்ட் விடுதலை செய்தது, ஹைகோர்ட் தண்டித்தது, கடைசியில் சுப்ரீம் கோர்ட் விடுவித்தது. உரிமை இருப்பது உண்மை, அதை நிரூபிக்க எத்தனை படி ஏற வேண்டியிருக்கும் என்பதும் உண்மை.

இந்த உரிமைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வைத்திருக்கிறார்கள். ஆபத்து வரப்போகிறது என்று நியாயமான பயம் வந்த நொடியில் ஆரம்பித்து, பயம் தீர்ந்த நொடியில் முடிந்துவிடும். அடித்துவிட்டு ஓடுகிறவனைத் துரத்திப்போய் முதுகில் வெட்டினால் அது தற்காப்பு இல்லை. போலீசைக் கூப்பிட நேரம் இருந்தால் கூப்பிட வேண்டும். தேவைக்கு மேல் காயம் ஏற்படுத்தக் கூடாது. இது 37ஆம் பிரிவு. தற்காப்புக்குத்தான் செய்தேன் என்று காட்டும் பொறுப்பும் செய்தவர் தலையில்தான். அங்கேதான் இடுப்பில் இருந்த கத்தி எதிரியாகிறது. கையில் அகப்பட்ட மண்வெட்டியையோ குடையையோ எடுத்து அடித்தவரின் கதை தானாகவே தற்காப்புக் கதை மாதிரி இருக்கும். பட்டன் கத்தியை வீட்டிலிருந்தே எடுத்து வந்தவனைப் பார்த்து எதிர்த்தரப்பு வக்கீல், சண்டைக்குத் தயாராக வந்தவன் என்பார். ஆயுதத்தால் காயம் என்றால் 118ஆம் பிரிவு. சாதாரணக் காயத்துக்கே 3 ஆண்டு வரை, கொடுங்காயம் என்றால் ஆயுள் வரை போகலாம்.

சட்டத்தை விடுங்கள். சண்டையில் மடக்குக் கத்தி என்ன செய்யும் என்று ஜி.ஹெச்.சில் தையல் போடுகிறவர்களைக் கேளுங்கள். வெட்டுக்கத்தியில் கையைத் தடுக்கப் பூணும் பிடியின் முனைப் புடைப்பும் இருக்கும். ஆன்லைனில் வருகிற மடக்குக் கத்திகளில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே பெரும்பாலும் தடுப்பே கிடையாது. வேகமாகக் குத்தும்போது முனை எலும்பிலோ பெல்ட்டிலோ மோதி நின்றுவிட்டால், வியர்த்த கை பிடியிலிருந்து வழுக்கி அலகின் மேல் ஓடும். என் சேக்காளி ஒருவனுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்றைக்கும் மடங்காது. நரம்பு அறுந்தது அவன் கத்தியில், அவன் கையாலேயே. எதிரில் இருந்தவனுக்குச் சட்டைதான் கிழிந்தது. கத்தி இருக்கிறது என்ற தெம்பில்தான் அன்றைக்கு அவன் அங்கே நின்றான். இல்லையென்றால் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று அவன் மதனி இன்னும் சொல்லிச் சொல்லித் திட்டுவார்கள்.

பெண்கள் கேட்பது வேறு. இருட்டில் ஜீப் ஸ்டாண்டுக்கு நடக்கிறவர்கள், தோட்டத்தில் தனியாக நிரை பிடித்துப் போகிறவர்கள், குமுளியில் கடை அடைத்துவிட்டு ராத்திரி பஸ்சுக்கு நிற்கிறவர்கள். இவர்கள் பயத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். "தம்பி, பன்னரிவாளைப் பையில வச்சுக்கிட்டா போதாதா?" என்று ஓர் அக்கா கேட்டார். புல்லறுக்கப் போகிறவர் பையில் பன்னரிவாள் இருப்பதை யாரும் கேட்கப் போவதில்லைதான். ஆனால் பையின் அடியில் துணி சுற்றிக் கிடக்கிற அரிவாளை, ஒருவன் பின்னாலிருந்து கையைப் பிடிக்கும்போது வெளியே எடுக்க முடியாது. அவரைப் பெப்பர் ஸ்பிரே வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கு யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. வாங்கினால் காலாவதித் தேதியைப் பாருங்கள், ஒருமுறை வெளியில் அடித்துப் பழகுங்கள். மேட்டில் காற்று எதிர்த்து அடித்தால் மொத்தமும் நம் கண்ணுக்கே வரும், அதையும் மனதில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள்.

போனில் 112 இரண்டு மாநிலத்துக்கும் பொது. பெண்களுக்கான 181ம் அப்படியே. எங்கள் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. மலை வளைவுகளில் நிற்பது தமிழ்நாட்டு மண்ணாக இருக்கும், சிக்னல் கேரள டவரில் இருக்கும். மலையாளத்தில் எடுப்பார்கள். பதறாமல் ரோட்டின் பெயரையும் பக்கத்தில் எந்த மேடு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் பங்குக்கு நான் செய்வது நோட்டுப் போடுவது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு போலீஸ் ரவுடிகள் வேட்டை நடத்தியபோது, அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு கத்திப் பட்டறைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பினார். கேமரா வையுங்கள், வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதுங்கள், விவசாயத்துக்கும் வீட்டுக்கும் தவிர விற்காதீர்கள் என்று. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பன்னரிவாள் வாங்க வருகிற ஆத்தாவிடம் போன் நம்பர் கேட்டால், "எதுக்குய்யா, கூப்பிட்டுப் பேசவா?" என்று கேலி செய்கிறது. எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் கடைக்கு எதிரிலேயே கூரியர் பையன் 'கேம்பிங்' என்று பெயர் போட்ட பட்டன் கத்தியை வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு ஓ.டி.பி. வாங்கிக்கொண்டு போகிறான். எதற்கு வாங்குகிறாய் என்று அந்தப் பையனை யாரும் கேட்பதில்லை. ஆத்தாவை மட்டும் நான் கேட்டாக வேண்டும். இந்தக் குறையை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சங்கம் வழியாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

தோட்டத்துக்கோ வீட்டுக்கோ புதுக்கத்தி வாங்கி எடுத்துப் போகிறவர்கள் பில்லைக் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பக்கத்தைச் சாக்கிலோ டியூப் ரப்பரிலோ சுற்றிக் கட்டி, பையின் அடியில் போடுங்கள். இடுப்பில் செருகாதீர்கள், பைக் சீட்டுக்கு அடியில் மறைக்காதீர்கள். மேட்டில் நிறுத்தி "எந்தினா?" என்று கேட்டால் எந்தத் தோட்டம், யார் மேஸ்திரி, என்ன வேலை என்று சொல்லுங்கள். சொல்ல அப்படி ஒன்றும் இல்லையென்றால் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.